ஹனீபா நானாவுக்குப் பின்சீட்டிலிருந்து

அன்று காலை என் கடையில் இடியப்பத் தட்டுகளை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தது, பின்னேரம் அடக்கமாம். பாலாவி, கராஜ் ஹனீபா நானா. சூடான தட்டைப் பிடித்தபடியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கராஜ் கதவு பூட்டியிருந்தது. கை வெந்தது பிறகுதான் தெரிந்தது.

பழைய கார் வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் நானாவைத் தெரியும். பின்டயர் மட்கார்டில் உரசுது என்றால் சிலாபத்திலிருந்தும் வருவீர்கள். மற்ற இடங்களில் மட்கார்டை வெட்டச் சொல்லுவார்கள். இவர் வெட்டமாட்டார். "அந்தக் காலத்து வளைவு. வெட்டிப்போட்டு நான் எங்க போய்த் தேடுற?" என்பார். டயர் ஓரத்தில் கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டியைப் பூசி, பின்சீட்டில் ஆளை ஏற்றி ஓடிப்பார்ப்பார். சோக் அழிந்த இடத்துக்கு நேரே, மட்கார்டின் உள்விளிம்பை மரச்சுத்தியலால் மெல்ல மெல்ல மடிப்பார்.

அந்தப் பின்சீட்டு ஆள் நான். இந்த உடம்பை நான் சும்மா வளர்க்கவில்லை. "பிலோமி தங்கச்சி, பாரம் வேணும்!" என்று அவர் கத்தினால் ரோடே சிரிக்கும். நானும் விடமாட்டேன். "வாறன் நானா. உங்கட ஸ்பேனர் உடம்ப ஏத்தினா கார் காத்துல பறந்திடும்" என்பேன். ஒருநாள் கார்க்காரர் ஒருவர், "ஏன் நானா, ரெண்டு உப்பு மூட்டை போட்டாப் போதாதா?" என்று கேட்டார். "உப்பு கரைஞ்சிடும். இவ கரையமாட்டா" என்றார்.

இனி ஒன்று சொல்லப்போகிறேன். நானா கோவித்தால் நல்லதுதான், வந்து ஏசட்டும்.

சோக் எங்கே உரசுது என்று காட்டும், எப்போது உரசுது என்று காட்டாது. குழியில் விழும்போதா, வளைவில் திரும்பும்போதா என்று காதுதான் சொல்லவேண்டும். தகரம் அடித்து அடித்து நானாவுக்குக் காது போய்விட்டிருந்தது. முகத்துக்கு நேரே கதைத்தால் உதட்டைப் பார்த்து ஓரளவு சமாளிப்பார். உரசல் சத்தத்தைத் தேடிக் கொடுக்க, காது கேட்காத ஆளிடம் யார் கார் கொண்டுவருவார்கள்? நீங்கள் வந்திருப்பீர்களா?

எனக்கு அது தெரிந்தது ஒரு வளைவில். டயர் 'சர்ர்' என்று கத்துகிறது, இவர் பாட்டுக்கு ஓட்டுகிறார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவருடைய சீட்டின் முதுகில் முழங்காலால் ஒரு இடி இடித்தேன். நிறுத்தினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அடுத்த காருக்கும் "பாரம் வேணும்" என்று கூப்பிட்டார். போனேன். அதன் பிறகு உரசும்போதெல்லாம் ஒரு இடி.

ஒருமுறை கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற கறுப்பு மொரிஸ் மைனர் வந்தது. அழகுக்கென்று அகல டயர் போட்டிருந்தார்கள். மறுநாள் பொண்ணு ஏறவேண்டும். கார் முதலாளி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வெளியே பார்த்தபடி, "இப்ப சத்தம் இல்லத்தானே நானா?" என்றார். நானா ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். "நானா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, ஒரு மாதிரியாக நானாவின் முகத்தைப் பார்த்தார்.

"மொதலாளி, சும்மா இருங்க!" என்று பின்னாலிருந்து அதட்டினேன். "நானா டயர்ச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு வாறார். நீங்க கதைச்சா எப்பிடிக் கேக்குற?"

மனுசன் வாயை மூடிக்கொண்டார். வளைவு வந்தது, உரசியது, இடித்தேன். "வளைவுலதான் உரசுது. குழியில இல்ல" என்றார் நானா, சாவகாசமாக. முதலாளி என் பக்கம் திரும்பி, "இந்த வயசுலயும் என்ன காது, பாத்தீங்களா!" என்றார்.

"ஓம் மொதலாளி, பாம்புக் காது" என்றேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பின்னேரம் நானா கடைக்கு வந்து பிளேன்டீ குடித்தார். போகும்போது, "தங்கச்சி, முழங்கால் நோகுதா?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் அந்த விசயத்தைப் பற்றி நாங்கள் கதைத்தது அவ்வளவுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன், வாயால் சொன்னால் கேட்காதே.

இப்போது ரோட்டில் யாரும் என்னைப் பாரம் என்று கூப்பிடுவதில்லை. கொஞ்சம் மெலிந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லுகிறார்கள். கராஜிலிருந்து நான் எதையும் எடுத்துவரவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த முழங்கால் பழக்கம் ஒன்றுதான். போன கிழமை புத்தளம் பஸ்ஸில், வளைவொன்றில் பின்டயர் எங்கேயோ உரசியது. என்னையறியாமலே முன்சீட்டை இடித்துவிட்டேன். அதில் இருந்த பையன் திரும்பி, "என்ன அக்கா?" என்றான்.

"உரசுது தம்பி."

"ஓம், கேட்டிச்சு" என்று சொல்லிவிட்டு முன்னுக்குத் திரும்பிக்கொண்டான்.

அவனுக்குக் கேட்டிருக்கிறது. நான் முழங்காலை மெல்ல இழுத்துக்கொண்டேன்.