புளி போட்டு மினுக்கின காசு

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். வெளிநாட்டுக் கப்பல்காரர் தேயிலைக்கும் சாராயத்துக்கும் பதிலாகத் தங்கள் ஊர்ப் பழைய வெள்ளிக் காசைக் கொடுப்பார்களாம். மெக்சிகோ, பெரு, ஸ்பெயின். அந்த நாடுகள் எங்கே கிடக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாம் ஸ்பானிய மொழி பேசுகிற இடங்கள் என்று தம்பி பிறகு சொன்னான்.

மெக்சிகோக் காசில் ஒரு கழுகு. அதன் வாயில் பாம்பு. கருடனும் நாகமும் என்று சொல்லி அம்மா அவற்றைச் சாமித்தட்டில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கோடு சேர்த்துக் காசையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவாள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் விளக்கைவிடக் காசுதான் கூடப் பளபளக்கும். மற்றக் காசுகளில் ராசாவின் தலை. மனிசத் தலைக்கு என்ன பூசை என்று பால்மா டின்னில் போட்டாள். அவை கிடந்து கறுத்துப் போயின.

அம்மாவும் போன பிறகு தம்பி வெள்ளவத்தையிலிருந்து வந்தான். படித்தவன், கந்தோர் வேலை. காசைப் பிரிக்க வேண்டும் என்றான். எண்ணிப் பிரிப்போம் என்றேன்.

"எண்ணிப் பிரிக்க இது என்ன தேங்காயோ அண்ணா? ஒவ்வொண்டுக்கும் ஒரு விலை இருக்கு. நான் விசாரிச்சுச் சொல்றன்."

மினுங்கினதையும் கறுத்ததையும் தனித்தனியே குவித்துப் போனில் படம் எடுத்தான். ஹஜ் பெருநாள் முடிந்த ஞாயிறு திரும்பி வந்தான். இரண்டு குவியலுக்கும் விலை ஒன்றுதான் என்றான்.

"பூசைக் காசு உங்களுக்குத்தான். அம்மாவைப் பாத்தது நீங்களும் அண்ணியும். கறுத்தது எனக்குப் போதும்."

என் மனிசி கண்ணைத் துடைத்தாள். தம்பி விட்டுக்கொடுத்த கதையைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் சொன்னேன்.

மழை வந்தது. பின்பக்கத் தகரம் ஒழுகியது. ஒன்றிரண்டை விற்றுத் தகரம் மாற்றலாம் என்று செட்டியார் தெருப் பக்கம் ஒரு சந்துக்குப் போனேன். அங்கே பழங்காசு வாங்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். காசை நிறுத்தார். காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"யாரு இப்படித் தேச்சது?"

"அம்மா. சாமிக்கு வச்சது."

"சாமிக்கு நல்லம். யாவாரத்துக்கு நல்லமில்ல. வருசம் அழிஞ்சு போச்சு. கழுகுக்கு இறகும் இல்ல. பழைய காசுக்கு அந்தக் கறுப்புத்தான் விலை. இது இனி வெறும் வெள்ளி, எடைக்குத்தான் எடுக்கலாம்."

காசைத் திருப்பினார். யோசித்தார்.

"இத நான் முந்தியே பாத்திருக்கேன். போன்ல. வெள்ளவத்தையில இருந்து ஒருத்தர் வந்து ரெண்டு குவியல் படம் காட்டினார். மினுங்கறது எடைக்குத்தான், கறுத்ததக் கழுவாம கொண்டுவாங்க எண்டு சொன்னேன்."

"எப்ப நானா?"

"பெருநாளைக்கு முந்தின கிழமை. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என்ர தம்பி."

"ஆ," என்றார். காசை என் பக்கம் தள்ளி வைத்தார். "பிளேன்டி குடிக்கிறீங்களா?"

குடிக்கவில்லை. விற்கவும் இல்லை. துணியில் முடிந்துகொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். மனிசிக்குச் சொல்லவில்லை. ஒழுகும் இடத்தில் வாளி வைத்தோம்.

தம்பி கேட்டிருந்தால் கறுத்ததை முழுக்கக் கொடுத்திருப்பேன். அம்மாவின் பேரைச் சொல்லி எடுத்தான்.

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தான். மனிசி குசினியில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"பூசைக் காசு விக்கேல்லைத்தானே அண்ணா?"

"இல்லை."

"விக்காதேங்கோ. அம்மாட கை பட்டது."

"ஓம். சந்துக் கடை நானா உன்னைச் சுகம் கேட்டவர்."

வடை கடித்த வாய் நின்றது.

"எந்த நானா?"

"கறுத்ததைக் கழுவ வேண்டாம் எண்டவர்."

எழும்பிப் போய்க் கை கழுவினான். கனநேரம் கழுவினான். ரோட்டில் வாகனம் கூடிவிடும், போக வேணும் என்றான். மனிசி வாசலில் வடைப் பார்சலை நீட்டினாள். வாங்கினான். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி மனிசி புளி கரைத்து வைத்து, விளக்கையும் காசையும் எடுத்தாள்.

"விளக்கை மட்டும் மினுக்கு," என்றேன்.

"ஏன், காசுக்கு என்ன?"

"கறுக்கட்டும்."