திரும்பி எப்போது வருவீர்கள்?

நாங்கள் அப்போது இருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போவதென்று அந்த வசந்தத்தில் முடிவானது. மகளுக்கு அது நான்காவது ஸ்கூலாக இருக்கும். அவள் சரி என்று தலையாட்டினாள். "எங்க பொண்ணு எதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவா ஆன்ட்டி" என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு மட்டும் உள்ளூர உறுத்தல். அந்த வருட இந்தியா லீவில் எங்களை லடாக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஆடு மேய்ப்பவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பார்களாம். அதைப் பார்த்தால் மகளுக்கும் ஊர் மாறுவது ஜாலியாகத் தோன்றும் என்று அவர் கணக்கு. சென்னையில் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டிய நான் மூச்சு வாங்க ஜீப்பில் குலுங்கினேன்.

மரமே இல்லாத மேட்டுவெளியில் ஒரு கறுப்புக் கூடாரத்தின் முன் இறங்கினோம். ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்துகளை ஒரே கயிற்றில் பிணைத்து, ஒரு அம்மா பால் கறந்துகொண்டிருந்தார். மகள் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தட்டிக்கொடுத்தபடி நடந்தாள். கறந்து முடித்து அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் முகம் சுளிக்கிற என் கணவர், அவர் கொடுத்த உப்பு வெண்ணெய் டீயை மறுபேச்சில்லாமல் குடித்தார்.

"நாங்களும் உங்கள மாதிரிதான். வேலை இருக்கிற பக்கம் போயிடுவோம்" என்றார் என் கணவர். நான் அதை ஹிந்தியில் சொல்ல, ஜீப் டிரைவர் அவர்கள் பாஷையில் சொன்னார்.

அந்த அம்மா சிரித்தார். "பழைய இடத்துக்குத் திரும்பி எப்போது வருவீர்கள்?" என்று கேட்டார். அவர்கள் வருடா வருடம் அதே இடங்களுக்குத்தான் வருவார்களாம். அடுப்புக் கற்களைக்கூட எடுப்பதில்லையாம்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட என் கணவர் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "திரும்பி வர்றதில்லைங்க."

டிரைவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்து அந்த அம்மா மறுபடி கேட்டார். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் மறுபடி அதையே சொன்னார். அந்த அம்மா எழுந்து வந்து, மகளின் இரண்டு கைகளும் நிறையக் காய்ந்த பாலாடைக்கட்டியை அள்ளி வைத்தார்.

லே திரும்பியதும் என் கணவர் நேராக ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனார். தன் மேனேஜரிடம் பேசிவிட்டு வெளியே வந்து, "ஜெர்சி கேன்சல்" என்றார்.

"ஈவன் ஃபிஃப்த் கிரேட்?" என்றாள் மகள்.

"அதுவும் ரவுண்ட் ராக்லதான்டா கண்ணு."

துள்ளுவாள் என்று பார்த்தேன். தெருவோரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். என்னால் தேற்றவே முடியவில்லை. அழுகைக்கு நடுவே அவள் திரும்பத் திரும்பச் சொன்னது, ஐந்து வயதில் சன்னிவேலில் விட்டுவந்த தோழியின் பெயரை.