தவக்காலத்து பியர்

எங்கள் வீட்டு நிலவறையில் இரண்டு பிரிட்ஜ்கள் இருக்கின்றன. ஒன்று மனைவியுடையது. மற்றதில் நான் வீட்டில் காய்ச்சும் பியர் இருக்கும், கெக் எனப்படும் எவர்சில்வர் பீப்பாயில். மனைவி கந்தசஷ்டி பிடிக்கும் நாட்களில் இந்த இரண்டாவது பிரிட்ஜ் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது வீட்டு விதி. அப்போது என் கெக் லாசால் பகுதியில் இருக்கும் நண்பனின் வீட்டுக்குப் போகும். நண்பனும் பியர் காய்ச்சுபவன், மன்னார்க் கத்தோலிக்கன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்தால், அவனுடைய கெக் நான் இருக்கும் இல்-பிசாருக்கு வரும். "வீட்டில இருந்தா கை தானாப் போகும் மச்சான்" என்பான். பல வருடங்களாக இது நடக்கிறது. யார் தொடங்கிய யோசனை என்பதில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை.

சென்ற தவக்காலத்தில் கெக்குடன் ஒரு பொறுப்பும் வந்தது. அவனுடைய மகள் விரும்பிய பையன் பிரெஞ்சு பேசும் கியூபெக்காரன். பையனின் தகப்பன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தானே பியர் காய்ச்சுபவர். முதல் சந்திப்பில் தன்னுடைய போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நண்பன் ரோசப்பட்டு, அடுத்த முறை என்னுடையது என்று சொல்லிவிட்டான். அடுத்த முறை என்பது உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், கலியாணம் பேச இரண்டு குடும்பமும் லாசாலில் கூடும் நாள். அந்தக் காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்றுதான் தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று அவன் நேர்ந்திருந்தான். மகளுக்காக விட்ட பியரை மகளுக்காகவே சரியாகச் செய்ய வேண்டும், அதுவும் ருசி பார்க்காமல். ருசி பார்க்கும் வாய் என்னுடையது.

ஹாப்ஸ் என்பது பியருக்குச் சேர்க்கும் ஒரு காய்ந்த பூ. பியர் காய்ச்சும்போது அதைப் போட்டால் கசப்பு வரும். புளித்து அடங்கிய குளிர்ந்த பியரில், கெக்குக்குள்ளேயே போட்டால் வாசனை மட்டும் இறங்கும். போடுவது எளிது. எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. பிந்தினால் பியர் வெட்டிய புல்லாக நாறும்.

உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு வாரம் முன், குருத்தோலை ஞாயிறு மாலை, அவன் நிறுத்துத் தந்த ஹாப்ஸை வலைப்பையில் கட்டி, பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலில் தொங்கவிட்டு, நூல் நுனியை மூடியில் நெரித்து மூடினேன். அந்த நூல் மெல்லியது, மூடியில் வாயு கசியாது. புதினா வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே புகுந்த காற்றைக் கரியமில வாயு செலுத்தி வெளியேற்றினேன்.

புதன்கிழமை அவன் தொலைபேசியில் வந்தான்.

"என்ன மாதிரி?"

"தோடம்பழத் தோல் மணம் வந்திட்டுது. அடியில ஒரு பச்சை வாடை."

"என்ன பச்சை? மாங்காயோ, முருங்கையிலையோ?"

இன்னொரு மிடறு குடித்தேன். "முருங்கையிலைக்குக் கிட்ட."

"கிட்ட எண்டா? ஒரு சொட்டு நான் குடிச்சனெண்டா உடன சொல்லிப்போடுவன்."

"குடிக்காதை."

"ஓம், நீ குடிச்சுப்போட்டு எனக்குக் கதை சொல்லு."

பெரிய வியாழன் பூசைக்கு முன், வழியே இல்லாத வழியால் சுற்றி, இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து நின்றான். குடிக்காமல் மணந்து மட்டும் பார்க்கப் போவதாகச் சொன்னான். மனைவி நிலவறைப் படியில் நின்று கேட்டாள்.

"அண்ணை, நாங்கள் படையலை மணந்தும் பாக்கமாட்டம், தெரியுமோ?"

"தங்கச்சி, எங்கட சாமி மூக்கைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

அரைக் கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கருகே பிடித்தான். கிளாஸின் விளிம்பு மேலுதட்டில் பட்டு நின்றது. நேரம் எடுத்து, கிளாஸை என்னிடமே திருப்பித் தந்தான்.

"மணத்தில இன்னும் இடம் கிடக்கு மச்சான். நாளைக்கு எடு."

நான் குடித்தேன். பச்சை வாடை முந்தின நாளைவிடக் கூடியிருந்தது. "நாளைக்கு எண்டா புல்லு. இப்ப எடுக்கிறன்."

"உனக்கு மூக்கே இல்லை."

"உனக்கு இப்ப வாய் இல்லை."

அவன் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தான். "அவள்ர காரியம் மச்சான். யோசிச்சுச் செய்" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனான். கார்ச் சத்தம் அடங்கியபின் நூலைப் பிடித்துப் பையை வெளியே எடுத்தேன்.

உயிர்த்த ஞாயிறன்று தவக்காலம் முடிந்து கெக்கும் அவனிடம் திரும்பியது, அன்றே அவன் குடித்திருக்க முடியும். விருந்தாளிக்கு ஊற்றுவதற்கு முன் தனக்கு ஊற்றக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டான். பயம் என்று நான் நினைத்தேன். ஆகவே அந்தத் திங்கட்கிழமை, தான் ருசி பார்க்காத பியரின் முதல் கிளாஸைப் பையனின் தகப்பனிடம் நீட்டினான். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மணந்தார், குடித்தார். கிளாஸ் முடியும்வரை குடித்தார். பிறகு வெறும் கிளாஸை நீட்டினார்.

இரண்டாவது கிளாஸை நிரப்பிக் கொடுத்தபின்தான் நண்பன் தனக்கு ஊற்றிக்கொண்டான். ஒரு மிடறு. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னனான்தானே, இன்னும் ஒரு நாள் கிடந்திருக்கலாம்."

பையனின் தகப்பன் என்னவென்று கேட்டார். மகள் கொஞ்சமும் யோசிக்காமல், உங்களுக்குப் பிடித்ததில் அப்பாவுக்குச் சந்தோஷமாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் தலையாட்டினார். மிக அருமை, ஆனால் ஹாப்ஸை இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம் என்றார்.

நண்பன் மேசையில் அடித்துச் சிரித்தான். கதிரையை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அதன்பிறகு இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கலியாணப் பேச்சைப் பெண்களே பேசி முடித்தார்கள், ஆவணிக்கென்று.

வியாழக்கிழமை எடுத்ததுதான் சரி என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.