காந்தம் ஒட்டாத கத்தி

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த வேலையிலும் நான் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்குச் சாப்பாடு செய்யும் இடத்தில் வெங்காயம் நறுக்கினேன். அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாழைக்காய் சீவினேன். நடுவில் சில மாதம் வேலையில்லாமல் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் படுத்திருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கொசு அதிகம், அவ்வளவுதான். கொட்டிவாக்கம் கடற்கரையில் மீன் வெட்டப் போனபோதும் மழைக்காலம் வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மீன் விற்பவர் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். படகு கரைக்கு வந்ததும் அவர் மீன் எடுப்பார். நான் புளியமரக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து செதில் சீவி வெட்டிக் கொடுப்பேன். என்னுடைய கத்தி பழைய லாரியின் வில் பட்டையைக் காய்ச்சி அடித்தது. ஒரு முறை தீட்டினால் ஒரு கூடை மீன் தாங்கும். ஆனால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதன் மேல் பழுப்பாகப் படர்ந்துவிடும். துணியால் துடைத்துவிட்டு வெட்டுவேன். கரையில் வாங்குகிறவர்கள் அதைக் கவனித்ததில்லை. வீட்டுக்குப் போய் அவர்களே கழுவிக்கொள்வார்கள்.

போன வருடம் திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிறுதோறும் கழுவி வெட்டிய மீன் கேட்டார்கள். அக்காவுக்கு அது பெரிய விஷயம். வெயிலில் கூடையோடு உட்கார வேண்டாம், விற்காத மீனை ஐஸில் போட்டு மறுநாள் பொய் சொல்ல வேண்டாம். மூன்றாவது ஞாயிறே வஞ்சிரம் திரும்பி வந்தது. வெள்ளைச் சதையில் ஒவ்வொரு துண்டிலும் துருக் கோடு. குடியிருப்பின் செயலாளர் அம்மா கோபப்படவில்லை. இன்னொரு வாரம் பார்க்கிறோம், அதிலும் இப்படி இருந்தால் போனிலேயே ஆர்டர் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா நைனா, மீனுக்குக் கோடு போட்ட சட்டை மாட்டி அனுப்பிக்கீற" என்றார். சிரிக்கவில்லை.

துருப் பிடிக்காத கத்தி வாங்குவது என்று முடிவானது. அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்தார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கியபோது ஒவ்வொரு குடத்திலும் அண்டாவிலும் இதை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாராம். "ஒட்டிச்சின்னா அது தகரம். ஒட்டாததா பாத்து வாங்கிக்கினு வா."

தி.நகரில் பாத்திரக் கடை பாத்திரக் கடையாக ஏறினேன். கத்தியைக் கையில் எடுத்ததும் காந்தத்தை வைப்பேன், டக்கென்று ஒட்டும், திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு கடைக்காரர் அழகான அட்டைப் பெட்டியில் வைத்த, விலை கூடிய கத்தியைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அதிலும் ஒட்டியது. இதிலேயே ஏமாற்றுகிறார்களே என்று நினைத்தபடி இறங்கினேன். கடைசியில் ஒரு சந்தில், கரண்டிகள் தொங்கும் கடையில், காந்தம் வழுக்கி விழுந்த ஒரு கத்தி கிடைத்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. உலகத்தையே ஜெயித்த மாதிரி பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை முதல் சங்கரா நன்றாகத்தான் வெட்டியது. இரண்டாவது சுமார். மூன்றாவதாக ஒரு வஞ்சிரத்தின் நடுமுள்ளில் இறக்கியபோது கத்தியின் விளிம்பு ஈயத் தகடு போல மடிந்தது. அதற்கப்புறம் சதை நசுங்கியதே தவிர அறுபடவில்லை. தீட்டினேன். இரண்டு மீனில் மறுபடி மழுங்கியது.

"வெட்டச் சொன்னா தடவிக் குடுத்துக்கினு கீற" என்றார் அக்கா. பக்கத்துக் கட்டையில் வெட்டிக்கொண்டிருந்த ஆள், மீனுக்குத் தூக்கம் வருது பாரு என்றான்.

மறுநாள் ஞாயிறு. அதனால் சனிக்கிழமை மத்தியானமே இரண்டு கத்திகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு மயிலாப்பூர் போனேன். அங்கே ஒரு தெருமுனையில் மோட்டார் சாணை வைத்திருக்கிறார் ஒரு பெண். வீட்டில் உருது பேசுகிறவர். சலூன் கத்தரி, மிக்ஸி பிளேடு என்று எப்போதும் வேலை குவிந்து கிடக்கும். நான் கதையைச் சொன்னதும் அவர் முதலில் என் பட்டைக் கத்தியைச் சக்கரத்தில் வைத்தார். பொறி நீளமாகப் பறந்து பூப்பூவாக வெடித்தது. அடுத்து புதுக் கத்தி. நாலைந்து சிவப்புப் பொறி, அதுவும் குட்டையாக, விழுந்து அணைந்துபோனது.

"அண்ணே, இது கத்தி இல்ல. சோத்துக் கரண்டிக்குத் தங்கச்சி" என்றார்.

பாத்திரத்துக்குத்தான் அந்தக் காந்தப் பரீட்சை என்று விளக்கினார். பாத்திரத்து ஸ்டீல் துருவைத் தாங்கும், ஆனால் நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது, அதில் கூர் நிற்காது. கத்திக்கென்று வேறு ஸ்டீல் இருக்கிறது. காய்ச்சி முக்கினால் கெட்டிப்படும், துருவையும் ஓரளவு தாங்கும். அதில் காந்தம் ஒட்டத்தான் ஒட்டும். நான் தி.நகரில் ஒட்டுகிறது என்று திருப்பிக் கொடுத்தவற்றில் பாதி நல்ல கத்திகளாகத்தான் இருந்திருக்கும்.

கூரும் வேண்டும், துருவும் கூடாது, எது நல்லது என்று கேட்டேன்.

"கூருக்குக் கரி வேணும், பொறி பூவா வெடிக்கிறது அதாலதான். துரு வராம இருக்கக் குரோமியம் வேணும். கரி ரொம்பப் போட்டா அது குரோமியத்தைத் தின்னுடும். கடக்கரைக்குக் கரி கம்மியா எடுத்துக்கோங்க. தினம் ரெண்டு தடவ தீட்டுங்க, தேஞ்சா போய்டுவீங்க?"

கோழிக் கடைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டு வாங்க வராத கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. அகலமான, மங்கிய வெள்ளை அலகு. என் பளபளப்பை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். சக்கரத்தில் வைத்தபோது பொறி முதல் இரண்டு கத்திகளுக்கும் நடுத்தரமாக வந்தது. காந்தம் ஒட்டியது. கிளம்பும்போதுதான் கேட்டார், வெட்டி முடித்ததும் எதில் கழுவுகிறீர்கள் என்று.

கடலில்தான் என்றேன். கொட்டிவாக்கத்தில் எல்லோரும் கட்டை, கூடை, கத்தி எல்லாவற்றையும் கடலில் முக்கி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்போம். குழாய்த் தண்ணீரைவிட அதுதான் சுத்தம் என்று எங்களுக்கு நினைப்பு.

அவர் மோட்டாரையே நிறுத்திவிட்டார். "அண்ணே, இத தங்கத்துல செஞ்சாத்தான் தாங்கும். உப்புத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணில கழுவித் தொடச்சு காத்துல தொங்க விடுங்க."

அக்காவிடம் கத்தியைக் காட்டுவது சுலபமாக இருந்தது, தண்ணீர் விஷயம்தான் கஷ்டம். அவர் புருஷன் இன்னும் கடலுக்குப் போகிறவர். நாள் முடிந்ததும் கத்தியைக் கடலுக்குக் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோன குடும்பம் இல்லை அது. கடல் தண்ணி இன்னா அழுக்கா என்று கேட்டுவிட்டுக் கூடையைக் கவிழ்த்து மணலைத் தட்ட ஆரம்பித்தார். இப்படி ஒரு பேச்சு வந்தால் அடுத்த பஸ்ஸைப் பார்த்து நடந்துவிடுகிறவன் நான். அன்றைக்கு நடக்கவில்லை. வேண்டுமானால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு விடியற்காலையில் அக்கா இடுப்பில் ஒரு குடம் குழாய்த் தண்ணீரோடு வந்தார். தோளில் வெளுத்த துண்டு. இரண்டையும் என் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு புதுக் கத்தியை வாங்கிக்கொண்டு அலையருகே போனார். அவர் குனிந்து, மரக் கைப்பிடியை மட்டும் அலையில் நனைத்து, அலகை மேலே தூக்கிப் பிடித்தபடியே திரும்பி வந்தார்.

"கடலம்மா பாத்துட்டா. போதும். வெட்டு" என்றார்.

ஐந்து மீனுக்கு ஒரு தரம் குடத்துத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். நடுவில் ஒரு தரம் தீட்டினேன். வஞ்சிரத் துண்டுகள் தேங்காய்ப் பத்தை போல இருந்தன. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். திரும்பி வர வழக்கத்தைவிட நேரமானது. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சொன்னார். அந்தச் செயலாளர் அம்மா ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தாராம். அடுத்த வாரத்திலிருந்து இறாலும் உரித்துக் கொண்டுவரச் சொன்னாராம்.

கத்தியை இனி ஈரச் சாக்கில் சுருட்ட முடியாது. காற்றில் தொங்க வேண்டும். அன்று சாயங்காலம் நான் தங்கியிருந்த அறையின் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். எத்தனையோ அறையில் படுத்திருக்கிறேன், எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. கத்தியில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே இரண்டு சின்னப் புள்ளிகள் வந்திருக்கின்றன. எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறேன். ஆணிதான் முழுக்கத் துருப் பிடித்துவிட்டது. வேறு அடிக்க வேண்டும்.