தலைகீழாக ஏறிய கண்ணாடி

போன வாரம் மாதேஷின் புதுக் காரில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். தூறல் விழுந்ததும் அவன் பொத்தானை அழுத்த, கண்ணாடிகள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டன. பின்சீட்டில் என் கை மட்டும் கதவைத் தடவி, இல்லாத கைப்பிடி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் தலைகீழாக. அதைப் பார்த்து மாதேஷ் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஆடி நின்றது.

புதுக் காருக்கு ஒரு வாசனை உண்டு, எனக்குப் பிடிப்பதில்லை. நனைந்த ரெக்சினும் கிரீஸும் கலந்த வாசனைதான் வண்டி வாசனை. மாதேஷின் பழைய லாரியில் அது எப்போதும் அடிக்கும். ஓசூரில் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்டு. நான் தென்காசிப் பக்கம், அவன் பாலக்கோடு. திடீரென்று வேலையை விட்டுவிட்டு, மூன்று கை மாறிய அந்த லாரியை வாங்கினான். கையோடு கல்லாவியில் பெண் பார்க்கவும் ஏற்பாடானது. பெண்ணின் அப்பா விவசாயி. "பையன் வண்டியோட வரட்டும். வண்டியப் பாத்துட்டுதான் மத்த பேச்சு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாதேஷோ பெண்ணை ஏற்கெனவே ஊத்தங்கரை பஸ் நிலையத்தில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டான். அன்றிலிருந்து சாம்பாரில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெண் பார்க்கப் போனது இரண்டாயிரத்து ஐந்து, ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதேஷ் 'ஆறு' என்பான். தன் கல்யாண நாளையே மனைவியிடம் கேட்டுச் சொல்பவன். அவன் சாட்சி செல்லாது.

பெரியவர்கள் பஸ்ஸில் முன்னே போய்விட்டார்கள். நாங்கள் லாரியில் கிருஷ்ணகிரியை நெருங்கும்போது என் பக்கத்துக் கண்ணாடி தடாலென்று கதவுக்குள் விழுந்தது. உடனே மழை. மழைக்கு யார்தான் சேதி சொல்வார்களோ!

"மாமனார் இந்த சீட்லதான்யா ஒக்காருவாரு!" என்று மாதேஷ் அலறினான்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்தச் சாமானுக்குக் கடைகளில் 'கண்ணாடி மிஷின்' என்று பேர். பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு பழைய சாமான் கடையில் குனிந்து நுழைந்து கேட்டோம். கடைக்காரர் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்து, "லெஃப்ட்டு லேதுண்ணா. ரைட்டுதான் இருக்கு. ஓட்ட போட்டு மாட்டிக்க" என்று டிரில்லையும் கையில் கொடுத்தார்.

மாதேஷ் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு பனியனோடு இறங்கினான். கதவின் உள்பலகையைக் கழற்றினால் வயிறு நிறையப் பொக்கிஷம்: பல் போன சீப்பு, ரெண்டு கண்ணாடி வளையல், கன்னட எழுத்தில் ஒரு பஸ் டிக்கெட், ஒரு பத்துப் பைசா. நான் கண்ணாடியை உள்ளங்கைகளால் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவன் கையை முழங்கை வரை உள்ளே விட்டு மிஷினைக் கோக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் காசில் ஒரு வருஷம் தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு கையை எடுத்துக் காசைத் துடைத்தேன். கண்ணாடி அவன் விரல்மேல் இறங்கியது.

"யோவ், கண்ணாடியப் புடிய்யா! கல்வெட்ட அப்பறமா படிச்சிக்கலாம்!"

ஒருவழியாக மாட்டினோம். கண்ணாடி ஏறியது, இறங்கியது. ஒரே ஒரு குறை: வலப்பக்கத்து மிஷின் ஆனதால் ஏற்றுகிற பக்கம் சுற்றினால் இறங்கியது, இறக்குகிற பக்கம் சுற்றினால் ஏறியது. "யாரு கவனிக்கப்போறாங்க" என்றான் மாதேஷ்.

கல்லாவியில் பெண்ணின் அப்பா மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பவர்போல வண்டியைப் பார்த்தார். டயரை உதைத்தார். ஆரனை அடித்தார். பிறகு நேராக ஏறி என் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினார்.

"ஏத்தறேன், எறங்குதேப்பா?"

"இந்தண்ட சுத்தணும் மாமா."

"ஒரு கண்ணாடியவே நேரா மாட்டத் தெரியல. எம் பொண்ண எப்பிடி வெச்சுக்குவ?"

மாதேஷ் முகம் செத்துவிட்டது. நான் பையிலிருந்த பத்துப் பைசாவைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தேன். அப்போதுதான் வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்தான், சுமதி.

"யப்பா, நம்ம வாசல் லைட்டு, சுவிச்ச மேல தட்டுனாத்தான எரியுது? நீ மாட்னதுதான? அதுக்குன்னு நாங்க என்ன வூட்ட வுட்டு ஓடியா பூட்டோம்?"

வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் சிரித்த சத்தத்தில் கோழிகள் சிதறின. அவர் வாசல் விளக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை மறுபக்கம் சுற்றினார். கண்ணாடி ஏறியது.

"ஏறுது" என்றார், வண்டிக்குள்ளிருந்து. அவ்வளவுதான் நிச்சயதார்த்தம்.

லாரி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. கிருஷ்ணகிரிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சுமதியின் அப்பாவும் இப்போது இல்லை. போன வருஷம் கல்லாவி வீட்டை இடித்துக் கட்டி, எல்லா சுவிட்சையும் முறைப்படி மாட்டினார்கள். பால் காய்ச்சிய அன்று நானும் போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் சுமதி பழக்கத்தில் கையை நீட்டி, வாசல் சுவிட்சை மேலே தட்டினாள். ஒன்றும் எரியவில்லை. இன்னொரு தரம் தட்டிவிட்டு, கோபமாகத் திரும்பிக் கேட்டாள்:

"இத யாரு தலைகீழா மாட்னது?"