என் பெயருள்ள கிரகம்

சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மனதில் வந்து நிற்பதோ போன வருடம் நடந்தது. அப்போது எனக்கு எழுபத்தொரு வயது. நடந்துகொண்டது எட்டு வயதுப் பையனைப்போல. அதனால் இதையும் சிறுவயதுச் சம்பவமாகவே சொல்கிறேன்.

என் பேத்தி கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவாள். விண்கப்பலை ஓட்டிக்கொண்டு, அதை விளையாடும் எத்தனையோ பேரில் யாரும் கால் வைக்காத கிரகத்தைத் தேட வேண்டும். ஆள் போகாத கிரகத்துக்கு வெறும் நம்பர்தான் இருக்கும். முதலில் இறங்குகிறவர் அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்; பிறகு யாராலும் அதை மாற்ற முடியாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கற்பித்த நான், வெட்டிவேலை என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

சனிக்கிழமைகளில் டயகம தோட்டத்திலிருந்து சம்பந்தி வருவார், என் மருமகளின் அப்பா. அங்கே தேயிலைச் செடிகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டியே காலம் கழித்தவர். பேத்தி காட்டும் ஒவ்வொரு கிரகத்துக்கும் வாயைப் பிளப்பார்.

"நம்பர் மட்டும் இருந்தா ஆள் போகலைன்னு அர்த்தமாம்மா? நம்ம தோட்டத்துல எல்லா மலைக்கும் நம்பர்தான். அங்கதானே நாங்க அம்புட்டுப் பேரும் நின்னோம்."

"ஐயோ டயகம தாத்தா, அது தேயில மலை. இது கிரகம்."

இருவரும் சிரிப்பார்கள். நான் வாசித்த பக்கத்தையே மறுபடி வாசிப்பேன். என்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

வாரக்கணக்கில் தேடி, ஒரு வியாழக்கிழமை அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். முழுக்கப் பச்சை, அதன்மேல் மூடுபனி. இறங்காமல் கப்பலை மேலேயே நிறுத்திவைத்தாள்.

"சனிக்கிழமை டயகம தாத்தா வந்தப்புறம்தான் எறங்குவோம். அவரு பேருதான் வைக்கப்போறேன்" என்று என்னிடமே சொன்னாள்.

மறுநாள் அவள் டியூஷனுக்குப் போனதும் பேப்பரை மடித்து வைத்தேன். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதை இத்தனை வாரமும் பேப்பருக்கு மேலாகப் பார்த்தே படித்திருந்தேன். இறங்கினேன். என் பெயரை எழுதினேன். கப்பலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

சனிக்கிழமை அவள் முகம் தொங்கிப்போனது. "யாரோ முந்திட்டாங்க டயகம தாத்தா. பாருங்க, நம்ம வீட்டுத் தாத்தா பேருலயே ஒரு ஆளு." கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத என்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

சம்பந்தி திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். "நல்ல பேருதாம்மா. இருந்துட்டுப் போகட்டும். நாம வேற தேடுவோம்." பிறகு வாங்குப் பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "வாங்க சம்பந்தி, நீங்களும் வந்து ஒக்காருங்க."

வேலை இருக்கிறது என்று எழுந்து போனேன்.

மழைக்காலத்தில் சம்பந்தி இறந்துவிட்டார். அதுவரைக்கும் அவர்களுக்கு வேறொன்று அகப்படவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த இடத்தில் நான் உட்காருகிறேன். பேத்தி புதுக் கிரகம் தேடுவதை விட்டுவிட்டாள். அந்தப் பச்சைக் கிரகத்தில் இறங்கி, மூடுபனிக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள்.

"என்னம்மா தேடுற?"

"ஒங்க பேருக்காரரத்தான். யாருமே இல்லாத எடத்துக்கு ஒத்தையா வந்திருக்காரே, பாவம். ஒருநாளைக்கு ஆம்புடாமலா போயிருவாரு?"

இன்னும் நான் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து நானும் தேடுவதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.