ஃபிரிட்ஜைக் கேட்டுச் சுருதி சேர்த்தவள்

மார்ச் 8: 40
ஏப்ரல் 12: 40
ஜூன் 21: 55
ஆகஸ்ட் 9: 0
செப்டம்பர் 27: 150

லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி அந்த ஆண்டு கிட்டார் வாசித்து வாங்கிய சம்பளம் இவ்வளவுதான். ஆகஸ்டில் சைபர் விழுந்ததற்குக் காரணம், அன்று பாடிய பாட்டு பார் முதலாளியைப் பற்றியது.

பகலில் மோட்டார் அறைகளில் எண்ணெயும் கிரீஸுமாகக் கிடப்பாள். எப்போதாவது ஒரு சனிக்கிழமை மாலை அதே பாருக்குப் போய், மேலதிகாரி, வீட்டுக்காரர், சொந்தபந்தம் எல்லோரையும் ப்ளூஸ் ராக் பாட்டுக்குள் இழுத்துப்போட்டுச் சாத்துவாள். மார்ச்சில் பதினொரு பேர் கேட்டார்கள். ஜூனில் நிற்க இடமில்லை. திட்டு வாங்கியவர்களே முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 27 அன்று நகர அரங்கில் தேர்வுக் கச்சேரி. தேறினால் பெரிய குழுவொன்றோடு பதினான்கு ஊர்ப் பயணம். தேறாவிட்டால் ஜனவரியில் மேற்பார்வையாளர் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் யாரும் ஓய்வு பெறும்வரை எழுந்ததில்லை.

எந்தக் கச்சேரிக்கு முன்னும் பாரில் இருந்த பழைய ஃபிரிட்ஜின் முனகலுக்குக் கிட்டாரின் இரண்டாவது கம்பியைக் கூட்டுவாள். மற்ற கம்பிகளும் தம்பியின் பேஸ் கிட்டாரும் அதைப் பார்த்துச் சேரும். மூன்று வருடப் பழக்கம் அது. அன்றும் பாரில் சுருதி சேர்த்துவிட்டே அரங்குக்குக் கிளம்பினார்கள்.

"ஃபிரிட்ஜைக் கேட்டியாடா?"

"கேட்டேன்க்கா. நல்லாவே முனகுது."

"என் பொண்டாட்டியவிடக் கம்மிதான்," என்றார் டிரம் வாசிக்கும் அத்தான்.

அரங்கில் ஒவ்வொரு குழுவோடும் நடுவில் ஒரு பியானோக்காரர் சேர்ந்துகொள்வது அங்குள்ள வழக்கம். அதை யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. முதல் பாட்டின் இரண்டாம் அடியில் அவர் கைவைத்தார். தகரத்தில் ஆணி கீறியது போலிருந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, அந்தாளு தப்பா வாசிக்கிறான்!"

"அவன் இல்லடா, நாமதான்! அந்தப் பாழாப்போன ஃபிரிட்ஜ் சுருதி கம்மி! நீ கையை எடு!"

"எடுத்துட்டு என்ன பண்ண?"

"ஆடு!"

"அப்ப நான்?" என்றார் அத்தான்.

"நீங்க அடிங்க அத்தான். டிரம்முக்கு என்ன மானம் ரோஷம்!"

தம்பி ஆடினான், பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கம்பிகளைச் சேர்த்து மீட்டுவதை விட்டாள். ஒரு நேரத்தில் ஒரே கம்பி. ஒவ்வொரு சுரத்தையும் விரலால் கம்பியை வளைத்துத் தள்ளித் தள்ளிப் பியானோவின் உயரத்துக்கு ஏற்றினாள். மாடிக்குக் கீழே நின்றுபோன லிஃப்டைக் கையால் சுற்றி ஏற்றுகிற அதே பிடிவாதம். ஒன்பது நிமிடம். மூன்று விரல்நுனிகள் வெடித்தன. கம்பிகள் அழுதன, கெஞ்சின, கெட்ட வார்த்தையும் சொல்லியிருக்கலாம். காதைப் பொத்தியவரே விசிலடித்தார்.

ஏற்பாட்டாளர் அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து, "இப்படி அழவைக்க எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"கத்துக்கலைங்க. சுருதி இறங்கிடுச்சு, தூக்கிப் பிடிச்சேன்."

அம்மாள் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 14 அன்று ஒரு கடிதம் வந்தது: பரிசீலனையில் உள்ளது. நவம்பர் 3 அன்று இன்னொன்று: கடைசி இரண்டு பேரில் ஒருவர். நவம்பர் 18 அன்று அவள் மேலதிகாரியின் அறைக்குப் போய், நாற்காலி வேண்டாம், வேலையும் வேண்டாம் என்றாள்.

"லெட்டர் வந்துருச்சா?"

"வரலை சார்."

"பைத்தியமா உனக்கு? வராமப் போனா?"

"விரல் ஆறிடுச்சு சார். இன்னும் ஸ்பானரையே புடிச்சுக்கிட்டிருந்தா அன்னைக்கு வாசிச்சது மறந்துடும். லெட்டர் வந்தா பதினாலு ஊரு. வரலைன்னா ஊரை நானே தேடிக்கறேன்."

மேலதிகாரி ராஜினாமாவை இரண்டு முறை படித்தார். தன்னைப் பற்றிப் பாட்டு எதுவும் வருமா என்று மட்டும் கேட்டார். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன என்றாள்.

பதினான்கு ஊர்களும் புறப்படும் நேரங்களும் அச்சிட்ட கடைசிக் கடிதம் வந்தது டிசம்பர் 2.